கடல் பவர்போட் பந்தயம்: முதல் தடவை பார்க்கப் போகிறவர்களுக்கு

கடலில் நடக்கும் பவர்போட் பந்தயத்தை முதல் தடவை பார்க்கிறவர்கள் கிட்டத்தட்ட எல்லாருமே வேகத்தைத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கரையில் நிற்கிற நமக்கும் படகுக்கும் நடுவே அரைக் கிலோமீட்டர் தண்ணீர் கிடக்கிறது, அந்தத் தூரத்தில் 150 கி.மீ. வேகமும் 200 கி.மீ. வேகமும் ஒன்றுபோலத்தான் தெரியும். முதல் சுற்றில் வாய் பிளந்து பார்ப்பீர்கள், ஐந்தாவது சுற்றில் போனை எடுத்துவிடுவீர்கள். படகுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் கதையே வேறு. பிறகு கண்ணை எடுக்கவே மனசு வராது. அதற்குத்தான் இந்தக் கட்டுரை, கொஞ்சம் வரலாறும் சேர்த்து, ஏனென்றால் இந்த விளையாட்டில் வரலாறு தெரியாவிட்டால் படகின் வடிவமே புரியாது.

முதலில், எந்தப் பந்தயம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

மோட்டார் படகுப் பந்தயம் என்று தேடினால் இரண்டு வகை கலந்து வரும். ஏரியிலும் ஆற்றிலும் ஒருவர் மட்டும் உட்கார்ந்து ஓட்டுகிற, இறகுபோல லேசான படகுகள் ஒரு வகை. 2018 நவம்பரில் கிருஷ்ணா ஆற்றில் அமராவதிப் பக்கம் நடந்த எஃப்1 எச்2ஓ பந்தயம் அந்த இனம். நாம் பேசப்போவது மற்றது: திறந்த கடலில், பெரும்பாலும் இரண்டு பேர் சேர்ந்து ஓட்டுவது. தண்ணீர் தட்டையாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாத இடம். நம் நாட்டில் இதன் ஒரு வாடையாவது வந்தது 2017 மார்ச்சில், மும்பை மெரின் டிரைவ் எதிரில் பி1 பவர்போட் பந்தயம் நடந்தபோது. சாலையோரச் சுவரில் உட்கார்ந்து ஜனங்கள் பார்த்தார்கள்.

அப்புறம் ஒரு வார்த்தை விஷயம். இந்தப் பந்தயத்தில் அதிவேகப் படகுகள் பெரும்பாலும் கேட்டமரன்கள், அதாவது இரண்டு உடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேலே ஒரே தளத்தால் இணைத்தவை. அந்தப் பெயர் நம் கட்டுமரத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. கட்டையோடு கட்டையைக் கட்டி மிதக்கவிட்ட நம் மீனவர்களின் சொல், இன்று ஆயிரம் குதிரைத்திறன் எஞ்சின்கள் இரண்டைச் சுமக்கும் படகுக்குப் பெயராக நிற்கிறது. அந்தப் பெயரை வர்ணனையாளர் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் வரும்.

படகுக்குள் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பெரிய வகுப்புப் படகுகளில் ஸ்டீயரிங் ஒருவர் கையில், த்ராட்டில் இன்னொருவர் கையில். காரில் ஒருவர் திருப்ப, பக்கத்து சீட்டுக்காரர் ஆக்சிலரேட்டரை மிதிப்பதாக நினைத்துப் பாருங்கள். ஓட்டுநர் பாதையைப் பார்க்கிறார், பாதையைக் குறிக்கப் போட்டிருக்கும் மிதவையைச் சுற்றித் திருப்புகிறார். த்ராட்டில்மேன் என்று அழைக்கப்படுகிறவர் அலையை மட்டும் பார்க்கிறார். என் கணிப்பில் பந்தயம் ஜெயிப்பதும் தோற்பதும் முக்கால்வாசி அவர் கையில்தான்.

ஏன் என்று சொல்கிறேன். படகு ஒரு அலையின் உச்சியில் ஏறி மறுபக்கம் காற்றில் பறக்கிறது. அந்த ஒரு விநாடியில் புரொப்பெல்லர் தண்ணீருக்கு வெளியே வந்துவிடும். தண்ணீரின் எதிர்ப்பு இல்லாததால் எஞ்சின் கட்டுப்பாடின்றி எகிறும், சத்தம் அலறலாக மாறும். த்ராட்டில் திறந்தபடியே இருந்து, அந்த வேகத்தில் சுழலும் புரொப்பெல்லர் மறுபடி தண்ணீரில் போய் மோதினால் என்ன ஆகும்? கியர் நொறுங்கும், தண்டு முறியும், பந்தயம் அங்கேயே முடிந்தது. அதனால் படகு தண்ணீரை விட்டு எழும்பும் அதே கணத்தில் அவர் லீவரைப் பின்னால் இழுக்க வேண்டும், தண்ணீரைத் தொடும்போது மறுபடி முன்னால் தள்ள வேண்டும். ரொம்ப இழுத்தாலும் ஆபத்து, மூக்கு கவிழ்ந்து அடுத்த அலைக்குள் குத்திக்கொள்ளும். இது ஒரு தடவை இல்லை, முழுப் பந்தயமும் அலைக்கு ஒரு தடவை, முதுகெலும்பில் உணர்ந்தும் காதில் கேட்டும், யோசிக்க நேரமே இல்லாமல் செய்கிற வேலை.

இத்தோடு டிரிம் என்று ஒன்று இருக்கிறது. புரொப்பெல்லர் தள்ளுகிற கோணத்தையும் பின்பக்கத் தகடுகளையும் ஏற்றி இறக்கி, படகின் மூக்கை மேலேயோ கீழேயோ வைத்துக்கொள்வது. மூக்கு மேலே இருந்தால் தண்ணீரில் உரசுகிற பரப்பு குறைந்து வேகம் கூடும், ஆனால் ஒரு காற்று அடியில் புகுந்தால் படகு பின்பக்கமாகப் புரண்டுவிடும். கீழே வைத்தால் பத்திரம், ஆனால் மெதுவு. மேடும் பள்ளமுமாக இருக்கும் கடலில் எவ்வளவு தூக்கலாம் என்பதில்தான் அனுபவசாலி யார் என்று தெரியும்.

ஆகவே கரையில் நிற்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். நல்ல ஜோடியின் படகு காற்றில் எழும்பும்போது எஞ்சின் சத்தம் அலறாது, ஒரு மூச்சு தணிந்து, விழுந்ததும் மறுபடி நிமிரும், கிட்டத்தட்ட ஒரு தாளம் போல. சரியாகக் கை பழகாதவர்களின் படகு ஒவ்வொரு குதிப்பிலும் கத்தும். இந்த வித்தியாசம் ஒரு தடவை காதில் பிடிபட்டுவிட்டால், கண்ணை மூடிக்கொண்டே முன்னணியில் யார் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

படகின் அடிவயிற்றைப் பாருங்கள், அங்கேதான் வரலாறு இருக்கிறது

மோட்டார் படகுப் பந்தயம் காரைவிட ரொம்பப் பின்தங்கிப் பிறந்தது இல்லை. 1903-ல் அயர்லாந்தின் குயின்ஸ்டவுன் துறைமுகத்தில் ஹார்ம்ஸ்வர்த் கோப்பை தொடங்கியது. ஜெயித்தது எஸ்.எஃப். எட்ஜ் களமிறக்கிய நேப்பியர் படகு. சுக்கானைப் பிடித்தவர் டோரதி லெவிட் என்ற இளம்பெண், கோப்பை என்னவோ உரிமையாளர் பெயருக்குத்தான் போனது. வேகம் மணிக்கு சுமார் 31 கி.மீ. அடுத்த வருடமே இங்கிலாந்துக் கரைக்கும் பிரான்ஸின் கலேக்கும் இடையே ஆங்கிலக் கால்வாயைக் கடந்து ஒரு பந்தயம் ஓடியது, கடல் பந்தயத்தின் தொடக்கமாக அதைத்தான் சொல்வார்கள். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் கூட மோட்டார் படகு இருந்தது. ஆனால் காற்றும் மழையும் சேர்ந்து அடித்ததில் ஒவ்வொரு போட்டியிலும் ஒரே ஒரு படகுதான் முழுத் தூரத்தையும் முடித்தது. அதன் பிறகு ஒலிம்பிக் பக்கம் இந்த விளையாட்டு திரும்பவே இல்லை.

இன்று நாம் பார்க்கும் பந்தயத்தின் உண்மையான பிறப்பு 1956, மயாமியிலிருந்து பஹாமாஸின் நாசோ வரை, சுமார் 300 கி.மீ. திறந்த கடல். ரெட் கிரைஸ், சாம் கிரிஃபித் என்ற இருவர் ஆரம்பித்தது, முதல் வருடம் ஜெயித்தவரும் கிரிஃபித்தான். ஆனால் அப்போதைய படகுகளின் அடிப்பாகம் பின்பக்கம் போகப்போகத் தட்டையாகிவிடும். அமைதியான தண்ணீரில் அது வேகம். அலையில்? பலகையால் தண்ணீரை ஓங்கி அறைவது போல. படகு உடையும், இல்லாவிட்டால் ஆள் உடைவார்.

இதை மாற்றிய கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1958-ல் அமெரிக்காவின் நியூபோர்ட்டில் அமெரிக்கா கோப்பைப் பாய்மரப் போட்டிக்கான தேர்வுகள் நடந்துகொண்டிருந்தன. அங்கே வந்திருந்த படகு வியாபாரி டிக் பெர்ட்ரம், குறுகலான அலைகளுக்கு நடுவே ஒரு சின்ன 23 அடிப் படகு அலட்டிக்கொள்ளாமல் பாய்ந்துபோவதைப் பார்த்தார். ரே ஹன்ட் வடிவமைத்த படகு அது. அடிப்பாகம் முன்னேயிருந்து பின்வரை ஆழமான ‘வி’ வடிவம், பின்பக்கத்திலும் தட்டையாகாமல். பெர்ட்ரம் அதே வடிவில் பெரியதாக ஒன்று செய்யச் சொன்னார், மனைவியின் செல்லப் பெயரையே படகுக்கு வைத்தார்: மாப்பி. 1960 மயாமி-நாசோ பந்தயத்து அன்று கடல் ரொம்ப மோசம். மற்றவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தத்தளிக்க, மாப்பி சுமார் 8 மணி நேரத்தில் நாசோ போய்ச் சேர்ந்தது. இரண்டாவது வந்தது எப்போது? இரண்டு மணி நேரம் கழித்து, அதுவும் ஹன்ட்டின் ஆழ்-வி படகுதான். மீதிப் பேரில் வந்து சேர்ந்தவர்கள் மறுநாள் வந்தார்கள். அந்த ஒரே நாளில் தட்டை அடி கொண்ட கடல் படகுகளின் காலம் முடிந்தது. இன்றைக்கு மீன்பிடிக்கப் போகும் ஸ்போர்ட்ஸ் படகிலிருந்து கடலோரக் காவல் படகு வரை உலகம் முழுக்க ஓடுவதில் அந்த ‘வி’-யின் சாயல் இருக்கிறது.

1961-ல் பத்திரிகை முதலாளி சர் மேக்ஸ் எய்ட்கன், மயாமி-நாசோவைப் பார்த்துவிட்டு இங்கிலாந்தில் கவ்ஸ்-டார்க்கே பந்தயத்தைத் தொடங்கினார். முதல் வெற்றி டாமி சாப்வித்துக்கு, படகின் பெயர் தண்டர்போல்ட். 1962-ல் இத்தாலியில் வியாரெஜ்ஜோ-பாஸ்தியா. 1969-ல் பிரிட்டனையே சுற்றி ஒரு பந்தயம் வைத்தார்கள், அதில் ஜெயித்தவர் ஃபின்லாந்தின் ராலி கார் ஓட்டுநர் டிமோ மாக்கினன், கரடுமுரடான பாதையில் பழகிய உடம்புக்குக் கடலும் ஒத்துவந்தது போல.

மயாமிப் பக்கம் டான் ஆரனோ என்ற ஒருவர் இல்லாமல் இந்தக் கதை இல்லை. ஃபார்முலா, டோன்ஸி, மேக்னம், சிகரெட் என்று வரிசையாகப் படகு நிறுவனங்களைத் தொடங்குவார், விற்பார், அடுத்ததை ஆரம்பிப்பார். 1967, 1969 இரண்டு முறை உலகச் சாம்பியன். சிகரெட் என்பது மதுவிலக்குக் காலத்தில் திருட்டுச் சரக்குக் கடத்திய ஒரு படகின் பெயர். அந்தப் பெயர் அவ்வளவு பிரபலமாகி, நீளமான கூர்மூக்குப் படகு எதைப் பார்த்தாலும் சிகரெட் போட் என்று சொல்லும் வழக்கமே வந்துவிட்டது. 1987 பிப்ரவரி 3 அன்று, அவருடைய தொழிற்சாலைகள் வரிசையாக நின்ற அதே 188-வது தெருவில் ஆரனோவைச் சுட்டுக் கொன்றார்கள்.

பெட்டி குக் என்ற அமெரிக்கப் பெண்ணின் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, 1977-ல் கீ வெஸ்டில் உலகப் பட்டத்தை வென்றார், 1979-ல் மறுபடியும். அலையைக் கணிக்கிற கைக்கு வயதும் கிடையாது, ஆண் பெண்ணும் கிடையாது என்று யாரிடமாவது வாதாட வேண்டி வந்தால் இந்தப் பெயர் போதும்.

கண்ணாடிக் கூண்டு ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டு போங்கள்

பழைய புகைப்படங்களில் ஓட்டுநர்கள் நின்றுகொண்டே ஓட்டுவார்கள், முழங்கால்தான் ஷாக் அப்சார்பர். தலைக்கு மேலே ஒன்றும் இருக்காது. வேகம் ஏறஏற அது தாங்கவில்லை.

1987 ஆகஸ்ட் 23 அன்று, ஃபெராரிக்கு ஓட்டிய ஃபார்முலா 1 வீரர் டிடியே பிரோனியின் படகு இங்கிலாந்தின் வைட் தீவுக்கு அருகே ஒரு எண்ணெய்க் கப்பல் கிளப்பிவிட்ட அலையில் ஏறிப் புரண்டது, உள்ளே இருந்த மூன்று பேருமே இறந்தார்கள். 1990 அக்டோபர் 3 அன்று மொனாக்கோ கடலில், அந்த நாட்டு இளவரசி கரோலினின் கணவர் ஸ்டெஃபானோ கசிராகி தன் உலகப் பட்டத்தைத் தக்கவைக்க ஓடும்போது திறந்த கேட்டமரன் கவிழ்ந்து இறந்தார், வயது 30. இந்த இரண்டு விபத்துகளையும் இன்னும் பேசுகிறார்கள், பேசவும் வேண்டும். எண்பதுகளின் நடுவிலேயே சிலர் எஃப்-16 போர் விமானத்தின் கண்ணாடிக் கூண்டை எடுத்துப் படகில் பொருத்த ஆரம்பித்திருந்தார்கள். கசிராகிக்குப் பிறகு பெரிய படகுகளில் மூடிய கூண்டும் உடலை இருக்கையோடு கட்டும் பட்டையும் கட்டாயம் என்ற நிலை வந்தது.

ஆனால் மூடிய கூண்டு கவிழ்ந்தால் எப்படி வெளியே வருவது? அதற்கு ஒரு சோதனை உண்டு. காக்பிட் மாதிரி ஒன்றை நீச்சல் குளத்தில் இறக்கி, பட்டை கட்டி உங்களை உட்கார வைத்துத் தலைகீழாகப் புரட்டிவிடுவார்கள். மூக்கில் தண்ணீர் ஏறும், எது மேல் எது கீழ் என்று தெரியாது. காற்றுக் குழாயைத் தேடி வாயில் வைத்து, பட்டையைக் கழற்றி, கையால் தடவி வழி கண்டுபிடித்து வெளியே வர வேண்டும். இதில் தேறாமல் கூண்டுப் படகில் ஏற முடியாது. பந்தயத்தின்போது தலைக்கு மேலே ஹெலிகாப்டர் சுற்றுவதைப் பார்ப்பீர்கள், படம் எடுப்பது மட்டுமில்லை, படகு கவிழ்ந்தால் குதிக்க முக்குளிப்பவர்கள் உள்ளே தயாராக இருக்கிறார்கள்.

இவ்வளவும் இருந்தும் ஆபத்து போய்விடவில்லை. 2019 செப்டம்பரில் இத்தாலியின் மாபெரும் வடிவமைப்பாளர் ஃபாபியோ புத்ஸி, 76 வயதில், மொனாக்கோவிலிருந்து வெனிஸ் வரை சாதனை ஓட்டத்தின் முடிவில், இருட்டில் கரைத் தடுப்பில் மோதி இறந்தார். அவரோடு இன்னும் இருவர்.

எங்கே போய்ப் பார்ப்பது

ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கீ வெஸ்ட் என்பேன். ஃபுளோரிடாவின் தெற்குக் கோடி, நவம்பர் மாதம், உலகச் சாம்பியன்ஷிப். மயாமியிலிருந்து தீவுத் தீவாகப் பாலங்களைத் தாண்டி காரில் சுமார் 260 கி.மீ. படகுகளை லாரியில் ஏற்றி டூவால் தெருவில் ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள், அதைத் தவறவிடாதீர்கள். பந்தயம் ஒரே நாளில் முடியாது, நடுவே ஓய்வு விட்டு அந்த வாரம் முழுக்க நடக்கும், அதனால் ஒரு நாள் காற்று கெடுத்தாலும் இன்னொரு நாள் கிடைக்கும். ஓட்டல் அறையை மட்டும் பல மாதம் முன்னாலேயே பிடித்துவிடுங்கள், அந்த வாரம் விலை ஏறிக் கிடக்கும். பாதை துறைமுகத்துக்குள் புகுந்து வெளியேறுவதால் படகுகள் கரைக்கு ரொம்பப் பக்கத்தில் வரும். ட்ரூமன் வாட்டர்ஃபிரன்ட் பக்கம் நின்றால் எஞ்சின் சத்தம் நெஞ்சுக்கூட்டில் அடிக்கும்.

மணலில் உட்கார்ந்து குடும்பத்தோடு பார்க்க வேண்டும் என்றால் அதே ஃபுளோரிடாவில் மே மாதம் கோகோ பீச். அங்கே துறைமுகத்தின் மறைப்பு இல்லை, அட்லாண்டிக் நேராக அடிக்கும், த்ராட்டில் வேலை நன்றாகத் தெரியும்.

பழைய பாணியில், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஓடும் பந்தயம் வேண்டுமா? கவ்ஸ்-டார்க்கே-கவ்ஸ், வைட் தீவில் கோடை முடிகிற சமயம். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கரையிலிருந்து பார்க்க இது கஷ்டமான பந்தயம். படகுகள் கிளம்பி ஹர்ஸ்ட் முனையைத் தாண்டி, நீடில்ஸ் பாறைகளைத் தாண்டிப் போய்விடும், பிறகு போர்ட்லண்ட் முனை, லைம் வளைகுடா, எல்லாம் தொடுவானத்துக்கு அப்பால். ஹர்ஸ்ட் கோட்டைப் பக்கம் நின்றால் கடல் அங்கே குறுகலாக இருப்பதால் போகும்போதும் வரும்போதும் ஒரு தரிசனம் கிடைக்கும். இந்தப் பந்தயத்தில் வழிகாட்டி ஆளின் வேலை பெரியது, அடுத்த மிதவை கண்ணுக்கே தெரியாது.

பந்தய நாளில்

தொலைநோக்கி கட்டாயம், 7 மடங்கோ 8 மடங்கோ போதும், அதற்கு மேல் கை ஆடும். குழந்தைகளை அழைத்துப் போனால் காது மூடி வாங்கிக்கொள்ளுங்கள். தொப்பி, தண்ணீர். திருப்பத்தில் நில்லுங்கள், நேர்கோட்டில் நிற்காதீர்கள். எந்தப் படகு உள்வட்டத்தைப் பிடிக்கிறது, எது அகலமாகப் போய் முன்னால் போகிறவரின் நுரைக்குள் மாட்டிக்கொள்கிறது என்பதெல்லாம் மிதவையைச் சுற்றும்போதுதான் தெரியும். கலங்கிய தண்ணீரில் புரொப்பெல்லர் பிடிப்பை இழக்கும், அங்கே ஒரு சறுக்கல், அவ்வளவுதான், இடம் போய்விடும்.

தொடக்கத்தில் குழம்பாதீர்கள். கார் பந்தயம் போல நின்ற இடத்திலிருந்து கிளம்புவதில்லை. ஒரு வழிகாட்டிப் படகின் பக்கவாட்டில் எல்லாரும் வரிசையாக ஓடிவருவார்கள், மஞ்சள் கொடி பறக்கும், வரிசை சரியாக இருந்தால் பச்சை. அந்த நிமிடம் தண்ணீர் வெடிக்கிறது போல இருக்கும், பின்னால் இருக்கிறவர்களுக்கு எதுவுமே தெரியாது, வெள்ளைச் சுவர் ஒன்றுக்குள் குருட்டாம்போக்கில் போகிறார்கள். சிவப்புக் கொடி என்றால் நிறுத்தம்.

ஒரே நேரத்தில் பல வகுப்புகள் ஓடலாம், முதலில் போகிறவரே எல்லாவற்றுக்கும் முதல் என்று நினைத்துவிடாதீர்கள். மேல்தட்டில் கிளாஸ் 1, இன்று 1100 குதிரைத்திறன் எஞ்சின் இரண்டு, மணிக்கு 250 கி.மீ.யைத் தொடும் கேட்டமரன்கள். சூப்பர் ஸ்டாக் என்பது 32 அடி கேட்டமரன், 300 குதிரைத்திறன் அவுட்போர்டு, அதாவது படகின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற எஞ்சின், இரண்டு. எல்லாருக்கும் ஒரே எஞ்சின் என்பதால் திறமை அப்பட்டமாகத் தெரியும், நான் மிகவும் ரசிப்பது இதைத்தான். பிறகு ‘வி’ படகுகள். கடல் தட்டையாக இருந்தால் கேட்டமரனின் நடுச் சுரங்கத்தில் காற்று அழுந்தி அதைத் தூக்கிவிடும், ‘வி’ பக்கத்தில்கூட வர முடியாது. அலை எழும்பிய நாளில் மாப்பியின் பேரப்பிள்ளைகள் தலைநிமிர்வதைப் பார்க்கலாம்.

சொந்தப் படகிலோ வாடகைப் படகிலோ போய்ப் பார்ப்பதானால் பார்வையாளர்களுக்கு ஒதுக்கிய எல்லைக்குள்ளேயே நங்கூரம் போடுங்கள், நடுவில் இடம் மாற்றாதீர்கள். பிரோனியின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள், நீங்கள் கிளப்பும் அலைகூட 200 கி.மீ. வேகத்தில் வருகிறவருக்குச் சுவர்தான்.

நானும் ஓட்ட வேண்டும் என்று தோன்றினால்

தோன்றும். அவசரப்படாதீர்கள். பிரிட்டனில் இருக்கிறவர்கள் ஆர்.ஒய்.ஏ. (ராயல் யாட்டிங் அசோசியேஷன்) நடத்தும் பவர்போட் லெவல் 2 பயிற்சியை முதலில் முடிக்கலாம், இரண்டு நாள் வேலை.  பந்தயத்துக்கான அமைப்புகள் என்று பார்த்தால், அமெரிக்காவில் 1903-லிருந்து இருக்கும் ஏ.பி.பி.ஏ., உலக அளவில் மொனாக்கோவில் தலைமையகம் வைத்திருக்கும் யூ.ஐ.எம். படகு வாங்குவதைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். ஒரு அணியோடு சேர்ந்து படகு கழுவுங்கள், கிரேன் பட்டை கட்டுங்கள், ஆள் தேவை எப்போதும் இருக்கிறது. வழிகாட்டி இருக்கையில் ஒரு நாள் இடம் காலியாகும், பலர் அப்படித்தான் உள்ளே வருகிறார்கள். ஓட்ட ஆரம்பித்தால், வேக உச்சவரம்பு வைத்த பிராக்கெட் வகுப்புகளில் ஆரம்பியுங்கள். அங்கே குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் தண்டனை, அதனால் பெரிய எஞ்சின் வாங்கிக் கொட்டுகிறவருக்கு அங்கே அனுகூலம் இல்லை.

கடைசியாக ஒன்று. பந்தயம் முடிந்ததும் கூட்டத்தோடு கிளம்பிவிடாதீர்கள், படகுகளைத் தண்ணீரிலிருந்து தூக்கி வைக்கும் இடத்துக்குப் போங்கள். பெரும்பாலான பந்தயங்களில் பார்வையாளர்களை உள்ளே விடுவார்கள். கிரேனில் தொங்கும் படகின் அடியிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும், புரொப்பெல்லர் இதழ்களின் ஓரம் சவர பிளேடு மாதிரி மெலிந்து பளபளக்கும். கூண்டு திறந்திருந்தால், கேட்டுவிட்டு உள்ளே எட்டிப் பாருங்கள். இரண்டு இருக்கைக்கும் நடுவே எஞ்சினுக்கு ஒன்றாக இரண்டு லீவர்கள், பிடிக்கிற இடத்தில் கை பட்டுப் பட்டு வண்ணம் தேய்ந்திருக்கும்.